பரணில் படுத்திருக்கும்போது

நேற்று மாலை என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் உள்ள எல்லாருக்கும் நாடித்துடிப்பு எண்ணி வரச் சொல்லியிருக்கிறார்களாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணி முடித்தவள், "தொண்ணூத்தாறு! அம்மா, நீ எங்கயாவது ஓடினியா?" என்றாள்.

"இல்ல மக்கா, அடுப்புக்கிட்ட நிண்ணேன்லா" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டேன். அப்படி இழுத்திருக்க வேண்டாமோ, குழந்தை என்ன நினைத்தாளோ என்று சோறு போடும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவளுடைய தாளை வாங்கி, இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தேன்.

நான் நாலாம் வகுப்பில் படித்தபோது எங்கள் பாறசாலைப் பக்கத்து ஊர்கள் மலையாளப் பகுதியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்தன. எங்கள் வகுப்பில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம், மலையாளம் படிக்கிற பிள்ளைகள் மறுபக்கம். ஊரில் சண்டை முற்ற முற்ற இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே இடைவெளியும் கூடிக்கொண்டே போனது. டீச்சர் நெய்யாற்றின்கரைக்காரர், மலையாளி. உடம்பைப் பற்றிய பாடம் வந்தால் மட்டும் எல்லாரையும் ஒன்றாகத் தரையில் உட்காரவைப்பார். உடம்புக்குள்ளே இருப்பது எல்லாருக்கும் ஒன்றுதான் என்பார்.

அவர் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஆட்டு நுரையீரலை வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்து, மூச்சுக்குழலில் பப்பாளித் தண்டைச் செருகி எங்களை ஊதச் சொன்னார். வெளிறிக் கிடந்த சதை புஸ்ஸென்று உப்பியதைப் பார்த்து இரண்டு நாள் நான் இறைச்சி தொடவில்லை. குடலின் நீளத்துக்குக் கயிறு வெட்டி முற்றத்தில் விரித்தபோது அது கொடிமரத்திலிருந்து கிணறு வரைக்கும் போனது. கடைசியாக நாடித்துடிப்பு.

எங்கள் வீடுகளில் கடிகாரம் கிடையாது. அதற்கும் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையின் அடியில் சின்ன ஓட்டை போட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, சரியாக ஒரு நிமிடத்தில் அது மூழ்கும்வரை ஓட்டையை மெழுகால் சுருக்கியும் ஊசியால் பெருக்கியும் தந்தார். அந்தச் சிரட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ண வேண்டும்.

"வீட்டில உள்ள ஒருத்தரையும் விட்டுடப்பிடாது, கேட்டோ. விட்டுப்போன தாள நான் வாங்கமாட்டேன்" என்றார். தாளில் மூன்று பத்திகள்: யார், எத்தனை, எண்ணும்போது என்ன செய்துகொண்டிருந்தார். தமிழில் ஒரு வரி, அதன் கீழே மலையாளத்தில் ஒரு வரி எழுதச் சொன்னார். எந்தப் பிள்ளையின் தாளையும் எந்தப் பிள்ளையும் வாசிக்கட்டும் என்பதற்காக என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு மொழியையும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சமல்ல.

அப்போது எங்கள் வீட்டு அடுக்களைப் பரணில் மாமன் இருந்தார். அம்மாவின் தம்பி. வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர், ஊர்வலத்தில் முன்வரிசையில் போய்விட்டு, போலீஸ் தேடுகிறது என்றதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒருமுறை போலீஸ்காரர்கள் வாசலில் நின்று கேட்டபோது, அவன் கோட்டுகால் ஊரில் உள்ள கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டான் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அயல்வீட்டாரிடமும் கூடப் படிக்கிற பிள்ளைகளிடமும் மாமனைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கட்டளை. டீச்சரைப் பற்றி அம்மா எதுவும் சொல்லவில்லை.

ஏணியில் ஒரு கையால் தண்ணீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"ஏட்டி, வெள்ளத்த என் மேல கொட்டிராத. என்னத்துக்கு இங்க வந்த?"

"கையக் காட்டுங்க மாமா. நாடி எண்ணணும்."

"நீ பெரிய வைத்தியராக்கும்!"

"வீட்டுப்பாடம் மாமா. ஒருத்தர விட்டாலும் டீச்சர் வாங்கமாட்டாவ."

மாமன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இத ஆரெல்லாம் பாப்பாவ?" என்றார்.

"டீச்சர் மட்டுந்தான்."

என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் என்று தோன்றியிருக்க வேண்டும். "செரி, பிடி" என்று வலது கையை நீட்டினார்.

சிரட்டை மிதந்துகொண்டிருந்தபோது வெளியே பாதையில் யாரோ சைக்கிளில் மணியடித்துப் போனார்கள். என் விரல்களின் கீழே அந்தக் கை விறைத்தது. சிரட்டை முங்கியபோது நூற்றுப்பதினெட்டு எண்ணியிருந்தேன்.

"உங்களுக்கு ரொம்பக் கூடுதலு மாமா."

"ஓட்டுச் சூடு மக்கா. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

எனக்குக் கவலை வந்துவிட்டது. பெரியவர்களுக்கு எழுபத்திரண்டை ஒட்டித்தான் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நூற்றுப்பதினெட்டு என்று எழுதினால் எனக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைப்பார். ஆகவே எழுபத்தாறு என்று எழுதினேன். அப்பா, பத்திரிகை வாசிக்கும்போது. அம்மா, மரச்சீனிக் கிழங்கு நறுக்கும்போது. மாமன், பரணில் படுத்திருக்கும்போது. மேலே என் பெயர், வீட்டுப்பெயர்.

வெள்ளிக்கிழமை டீச்சர் எல்லாத் தாள்களையும் கஞ்சிப் பசை தடவிச் சுவரில் ஒட்டினார். டீச்சர் மட்டுந்தான் பார்ப்பார் என்று மாமனிடம் சொன்னது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. என் தாளை நடுவில் ஒட்டி, எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் அது மறந்துபோயிற்று.

அன்று சாயங்காலம் லாரியில் போலீஸ் வந்து இறங்கியது. தங்குவதற்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டுக்குள் நுழைந்தார்கள். எந்த அறையையும் பார்க்கவில்லை. நேரே அடுக்களைக்குப் போனார்கள். "அவன் கோட்டுகாலுக்குப் போனவன் இன்னும் வரல்ல சாரே" என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஏணியில் பாதி ஏறிவிட்டார். மாமன் தலைமுடியெல்லாம் புகைக்கரியோடு இறங்கி வந்தார். "அக்கா, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தா" என்றார். அம்மா செம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் வெளியே இழுத்துப் போய்விட்டார்கள்.

பல மாதங்கள் கழித்து மாமன் திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. சாக்குக்கட்டி பிடிக்க முடியாது. வாத்தியார் வேலை அதோடு போனது. எல்லையை வகுத்தபோது எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. அவர் மார்த்தாண்டத்துக்குப் போய்ச் சைக்கிள் கடை வைத்தார். இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வருவார், என் மகளுக்கு இடது கையால் மிட்டாய் கொடுப்பார்.

காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டு அத்தைதான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அந்த வாரம் மோர் வாங்க வந்தபோது அவர் பரணை அண்ணாந்து பார்த்தாராம். அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை. அத்தையின் அடக்கத்துக்குக்கூட அம்மா போகவில்லை. வகுப்புச் சுவரில் இருந்த என் தாளைப் போலீஸ்காரர்களில் யாரோ வாசித்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தபோது நான் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை அப்போது உயிரோடுதான் இருந்தார். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். மாமனிடமும் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு நிம்மதி, அவருக்கா எனக்கா என்று கேட்டுக்கொண்டே வருடங்கள் போய்விட்டன.

ஆனால் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்தத் திங்கட்கிழமையில்தான். போலீஸ்காரர்கள் பள்ளிக்கூடத்தைக் காலி செய்து போயிருந்தார்கள். காலையில் வகுப்புக்குள் போனேன். சுவரின் நடுவில் என் தாள் இல்லை. நான்கு மூலைகளிலும் பசையோடு ஒட்டிய துணுக்குகள் மட்டும் இருந்தன. நான் எண்ணை மாற்றியதை டீச்சர் கண்டுபிடித்துத் தாளைக் கிழித்துவிட்டார் என்று நினைத்தேன். பொய் எழுதியவள் வீட்டுக்குப் போலீஸ் வந்ததிலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. அழுதுகொண்டே அவரிடம் போனேன்.

"டீச்சர், மாமனுக்கு நூத்திப்பதினெட்டு. நான் மாத்தி எழுதிட்டேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "மாமன் இப்போ எங்க மோளே?" என்றார்.

"போலீஸ் கொண்டுபோச்சு."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து மற்றத் தாள்களை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுத்தார். எல்லாவற்றையும் கஞ்சி வைக்கும் அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டார். பிள்ளைகள் தங்கள் தாளைக் கேட்டு அழுதார்கள். என் ஒருத்தியின் பிழைக்காக எல்லாருடைய தாளையும் எரிக்கிறாரே என்று நான் வெட்கத்தில் குனிந்து நின்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, நான் ஒரு மூலையில் உட்கார்ந்து புதுத் தாள் ஒன்றில் எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். மாமனுக்கு நேரே நூற்றுப்பதினெட்டு என்று சரியாகப் போட்டேன். மறுநாள் அதை டீச்சரின் மேசைமேல் வைத்தேன். தமிழில் ஒரு வரி, கீழே மலையாளத்தில் ஒரு வரி. மூன்றாவது பத்தியில் நான் எதையும் மாற்றவில்லை. அதில் பிழை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.