சுக்கான்காரரின் சிவந்த கண்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லாஞ்சில் சுக்கான் பிடிப்பவர் அவர். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. தலையைச் சற்றுச் சரித்துத்தான் கடலைப் பார்ப்பார். இடது கண் எப்போதும் சிவந்திருக்கும்.

மூதூர்க் கந்தோருக்கு நான் வேலை மாற்றலாகி, நாளும் கடல்வழியே போய்வரத் தொடங்கிய புதிதில், ஒரு காலை லாஞ்ச் பலமாக ஆடியது. பயத்தில், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்: "குடிச்சுப்போட்டோ ஓட்டுறீங்கள்?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "நோன்பு தம்பி. பச்சத் தண்ணியும் குடிக்கல்ல. கண்ணுல சதை வளருது, வெயிலும் உப்புக்காத்தும் பட்டு வந்தது. பயப்பட ஒண்டுமில்ல எண்டு டாக்டர் சொன்னவர்."

மன்னிப்புக் கேட்காமலே மூதூரில் இறங்கிப் போனேன்.

மறுநாள் நான் ஏறுவதைக் கண்டதும் அவர் அந்தச் சிவந்த கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூதூர் வரும்வரை திறக்கவே இல்லை.