ஏந்திய கைகள்
2005இல் குரோருட் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த யூதப் பெண்ணுக்கு அரசாங்க விவாகரத்து எப்பவோ கிடைத்துவிட்டது. ஆனால் அவர்களுடைய முறைப்படி, சாட்சிகளுக்கு முன்னால் கணவன் விலக்குப் பத்திரத்தை அவள் கையில் வைத்தால்தான் விடுதலை. மோதிரங்களைக் கழற்றி, இரண்டு கைகளாலும் ஏந்தி வாங்க வேண்டுமாம்.

அந்தச் சடங்குக்கு முந்தின நாள் மத்தியானம் என்னைக் கணவனாக்கி ஒத்திகை பார்த்தாள். பத்திரத்துக்குப் பதிலாக, கை துடைக்கும் துவாயை மடித்து அவள் கையில் போட்டேன். சிரித்தோம், பிறகு அவள் அழுதாள்.

"உங்கட முறை என்ன?" என்றாள்.

"கட்டத்தான் ஐயர் வருவார். அவிழ்க்க ஒருத்தரும் வரமாட்டினம்!" எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கும் விவாகரத்தாகி வருஷக்கணக்காகியும் தாலி சட்டைக்குள்ளேயே கிடந்தது.

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே மாதிரிக் கைகளை ஏந்தியபடி என் முன்னால் நின்றாள். நான் பிடரியில் தாலிக்கொடியின் கொழுக்கியைத் தேடினேன்.