பாசுரத்துக்குப் பின் வரும் கிடார்

ஊசி போடுமுன் நர்ஸ் கையில் தேய்த்த ஸ்பிரிட்டின் வாசனை, மலைக்கோட்டைச் சந்து ஒன்றில் இருந்த சேவியர் அண்ணனின் கேசட் ரெக்கார்டிங் கடைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அதே ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத்தான் அவர் டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைப்பார். நாம் கேட்ட பாட்டெல்லாம் பதிந்த பிறகு டேப் மீதமிருந்தால், அதில் தனக்குப் பிடித்த ஒரே இங்கிலீஷ் ரெக்கார்டிலிருந்து ஒரு பாட்டைச் சேர்த்துவிடுவது அவர் வழக்கம்.

"பெரிய பேண்டுலேருந்து பிரிஞ்சு வந்தவங்க பழைய ராக் மாதிரியே போட்டதும்மா. கேட்டு வர ஆளே இல்ல, பாவம்" என்பார்.

அதனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தினமும் காலையில், அவரிடம் பதிந்து வாங்கிய கேசட்டில் பாசுரம் ஓய்ந்த கையோடு கிடார் கிளம்பும். பெருமாளுக்குத் திருவாராதனப் பூஜையில் இருக்கும் அப்பா, "அதை அணைடி" என்று அங்கிருந்தே சத்தம் போட, நான் ஓடிப்போய் அணைப்பேன். கடைசியில் அவரே கடைக்குப் போய்ச் சண்டை போட்டு, பாசுரம் மட்டும் உள்ள புதுக் கேசட் வாங்கிவந்தார். பழையதைத் தூக்கி எறியச் சொன்னார்.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும், அம்மா பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பழைய கேசட்டை எடுத்து நீட்டினாள்.

"ஒரு நாளாவது முழுசாக் கேக்கறேனே, வைடி."