நான்கு தட்டுகளில் எழுபத்தெட்டு கிலோ

பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டேகால் மணிக்கு, மண்டையைப் பிளக்கும் வெயிலில். கட்டுக்கதை என்று யாராவது சிரித்தால், என் மச்சானின் வலது கையில் இருக்கும் எட்டு ஸ்க்ரூக்களைக் காட்டுவேன்.

மச்சான் என்றால் அக்கா புருஷன். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை செய்கிறோம். கணக்கு என்னுடையது, கை அவருடையது. கால் சுற்று திருப்புங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கால் சுற்று திருப்புவார், மயிரிழை தவறாது. அந்தக் கையை நம்பித்தான் எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

அன்று வேலைக்கு வந்தது ஒரு சிவப்புக் கார். கைமாறி வந்த வண்டி. வாங்கியவருக்கு ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசை. காயில்ஓவர் போடச் சொல்லியிருந்தார். அதில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகவே இருக்கும், கீழே உள்ள வளையத்தைத் திருகினால் வண்டியின் அந்த மூலை ஏறும் அல்லது இறங்கும். ஆறு கிலோ ஸ்பிரிங் போதும் என்றேன் நான். அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஆறு கிலோ வேண்டும். மச்சான் பத்துதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். "ஓட்டறவன் இடுப்பு கழண்டு விழட்டும், எனக்கென்ன" என்று முனகிக்கொண்டே பத்தை மாட்டினேன்.

அடுத்து எடை. நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு எடைத்தட்டு, மேசைத் திரையில் நான்கு எண்கள். ஓட்டுபவரின் எடைக்குச் சமமாக மணல் மூட்டைகளை அவர் சீட்டில் வைத்துத்தான் பார்ப்போம். இவர் எழுபது கிலோ. வெறும் வண்டி காலையில் ஆயிரத்து நூறு காட்டியது.

மணி 2:15. நான்கு எண்களையும் கூட்டினேன். 1178.

"மச்சான், எட்டு கிலோ கூட வெச்சிட்டீங்க."

முன்சக்கரத்தின் பக்கம் குந்தியிருந்தவர் தலையைத் தூக்கினார். "எதை?"

"மூட்டையைத்தான்."

"நான் இன்னும் மூட்டையே வைக்கலையே மாப்ள."

சுவரோரம் பார்த்தேன். மூட்டைகள் அங்கேயே இருந்தன. சீட்டைப் பார்த்தேன். காலி.

மச்சான் சிரித்துவிட்டார். "தட்டு மக்கர் பண்ணுது. வண்டியை இறக்கிப் பார்க்க நேரமில்லை, நாலு மணிக்கு ஆள் வந்துடுவார். நான் வளையத்தைத் திருப்பறேன், நீ நம்பரைப் பாரு."

சரி என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

முன் வலது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டார். முழங்கைக்கு மேல் உள்ளே போய்விட்டது. ஸ்பேனர் வளையத்தில் உரசும் சத்தம்... கிர்ர்... கிர்ர்...

2:21. காருக்குள்ளே... கிளிக்.

சீட் பெல்ட் தானாக மாட்டிக்கொண்ட சத்தம்.

எட்டிப் பார்த்தேன். பெல்ட் காற்றில் விம்மி நின்றது. உள்ளே ஒரு நெஞ்சு இருப்பது போல. அது ஏறியது, இறங்கியது.

திரையில் இடது பக்க எண்கள் சரிந்தன. வலது பக்கம் மளமளவென்று ஏறியது. இடப்பக்கம் வேகமாகத் திரும்பும் வண்டியில்தான் இப்படி எடை மாறும். இந்த வண்டி நின்றுகொண்டிருக்கிறது. சாவி என் சட்டைப்பையில்.

"கையை எடுங்க மச்சான்!"

"என்னடா..."

டமார்!

காரின் மூக்கு தரையை நோக்கி இறங்கியது. மட்கார்டு டயரில் மோதியது. நடுவில் அவர் கை.

திரையில் முன் வலது சக்கரத்தின் எண் 912. இருக்க வேண்டியதைவிட அறுநூறு கிலோ அதிகம். யாரும் தொடவில்லை.

வண்டி எழுந்தது. கையை இழுத்தார்... வரவில்லை.

"இழுக்குது! உள்ள இருந்து இழுக்குது மாப்ள!"

டமார்!

எலும்பு முறியும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. டயரில் ரத்தம் தெறித்தது.

வண்டிக்கு அடியில் ஜாக்கியைத் தள்ளினேன். வண்டி அதை உதைத்துத் தள்ளியது.

இரும்புக் கம்பியால் கண்ணாடியை உடைத்தேன். "விடுடா அவரை!" யாரிடம் கத்தினேன்?

டமார்!

கத்தியால் பெல்ட்டை அறுத்தேன். துணிதான் அது. ஆனால்... சூடாக இருந்தது.

அறுந்தது.

அமைதி.

2:23.

மச்சானை இழுத்து வெளியே போட்டு, கையைத் துண்டால் கட்டி, ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அப்போதும் என் பாழாய்ப்போன கண் திரைக்குத்தான் போனது. கூட்டல் அதே 1178. ஆனால் ஓட்டுபவர் பக்கம் நாலு கிலோ குறைவு. பின்னால், இடது சக்கரத்தில், நாலு கிலோ கூடுதல். குலுங்கியதில் ஸ்பிரிங் நகர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. இன்னும் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தால் கையை எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் சொன்ன ஆறு கிலோ ஸ்பிரிங் இருந்திருந்தால் இறங்கியிருக்கும். மச்சானின் பிடிவாதம்தான் மச்சானின் கையைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்பது நாள் கழித்து, அந்தக் காரின் பழைய நசுங்கலை நிமிர்த்திய டிங்கரைத் தேடிப் பிடித்தேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

"பழைய ஓனர் வளைவுல தடுப்புக் கம்பில மோதிட்டார். கம்பி கண்ணாடி வழியா உள்ள பூந்து, வலது கையைத் தோளோட வெட்டிடுச்சு. பெல்ட் போட்டிருந்ததால ஆள் செத்தும் சீட்டுலயே இருந்தார். கையை மட்டும் ரெண்டு நாளா காணோம். ரோடு பூரா தேடினாங்க. கடைசில வண்டிக்குள்ளயே கிடந்துச்சு."

"எங்கே?"

"பின்னாடி. இடது பக்கம்."

எழுபத்தெட்டு கிலோ ஆளின் ஒரு கை எவ்வளவு இருக்கும் என்று, மச்சானுக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸிடம் கேட்டேன்.

யோசித்துவிட்டுச் சொன்னார். "நாலு கிலோ இருக்கும்."