வாய்க்கால் பக்கத்துத் தூளி

மார்கழியில் மைசூரைத் தாண்டி, வாய்க்கால் ஓரத்துக் கரும்பில் இறங்குவதென்றாலே எனக்கு எரிச்சல்தான். விடிந்து நெடுநேரமாகியும் பனி விலகாது. கரும்புச் சோகை கையை அறுக்கும், அறுத்தது மரத்துப்போன விரலுக்குத் தெரியாது. ஆனாலும் எங்கள் ஊர் கௌதள்ளியிலிருந்து வருஷா வருஷம் வருகிறோம். வீட்டுக்காரர் நகரத்துக்குள் கட்டட வேலைக்குப் போவார். நானும் அவருடைய அக்கா நங்கையாவும் கரும்பு வெட்டப் போவோம். இரண்டரை வயது மகள் என்னோடுதான் இருப்பாள்.

எங்கள் வெட்டுக்கு ஒரு முறை உண்டு. எந்தப் பக்கம் தொடங்கினோமோ அந்தப் பக்கமிருந்தேதான் வெட்டிக்கொண்டு போவோம். எதிர்ப்பக்கம், பெரும்பாலும் வாய்க்கால் பக்கம், கடைசிவரை நிற்கும். உள்ளே பன்றி இருக்கும், சிறுத்தையும் இருக்கும். ஆள் சத்தம் நெருங்க நெருங்க அவை அந்தப் பக்கமாக நழுவிவிடும். யாரும் யார் முகத்திலும் விழிக்க வேண்டாம்.

அந்த வாரம் கரும்பு ஏற்றும் லாரி சீக்கிரம் வருகிறதென்று, எங்களைக் கூட்டி வந்த மேஸ்திரிக்குத் தரையில் கால் நிற்கவில்லை. முந்தின நாள் மாலையே வேறு ஆட்களை விட்டு வாய்க்கால் பக்கத்தையும் வெட்டவைத்திருந்தார். காலையில் நாங்கள் போனபோது நடுவில் ஒரு திட்டுக் கரும்பு மட்டும் நின்றது.

"ஏனுங் மேஸ்திரி, ரெண்டு பக்கமும் வெட்டிப்போட்டா உள்ள இருக்கறது எங்கீங்க போகும்?" என்று கேட்டேன்.

"உள்ள என்ன இருக்குது? எலி இருக்கும். பேச்சக் கொறச்சுட்டு அருவாளப் புடி புள்ள."

டிராக்டரின் டிரெய்லர் வாய்க்கால் கரையில் நின்றது. அதற்கு அடியில் பனி இறங்காது என்று சேலையில் தூளி கட்டி, தூங்குகிற மகளைப் போர்வையோடு போட்டேன். பிறகு திட்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் வந்து மற்றவர்களோடு வெட்டத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் நங்கையாவின் கை அப்படியே நின்றது. கரும்புக்குள்ளிருந்து ஓர் உறுமல்.

"சிறுத்த," என்றாள் நங்கையா.

எல்லோரும் பின்வாங்கினார்கள். மேஸ்திரி பன்றி விரட்ட வைத்திருந்த வெடியைப் பையிலிருந்து எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம் நிற்கிறோம். இங்கே வெடித்தால் அது அந்தப் பக்கம்தான் ஓடும்.

"வேண்டாமுங்க! எம்புள்ள அங்க கெடக்குது!"

அதற்குள் திரி பற்றிவிட்டது. வெடித்தது. கரும்பு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆடி அடங்கியது. அதற்கு அப்பால் பனி மட்டும்தான் தெரிந்தது.

மகளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். நங்கையா பொத்தினாள்.

"கூப்புடாத. உன் சத்தம் கேட்டா எறங்கி நடந்து வருவா."

அருவாளோடு திட்டைச் சுற்றி நடந்தேன். வெட்டிய கட்டை உள்ளங்காலைக் கிழித்தது. ஒரு தட்டு கீழே விழுந்தாலே வீறிடுகிறவள், அந்த வெடிக்கு ஒரு முனகல்கூட இல்லை. அழுதுவிடாதேடி என்று வேண்டினேன். ஐயோ, அழுதுவிடேண்டி என்றும் வேண்டினேன். மாதப்பா, மாதப்பா என்று எங்கள் மலைச்சாமியின் பெயரை நாக்கு தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

டிரெய்லரின் சக்கரம் தெரிந்தது. காற்றே இல்லை, தூளி ஆடிக்கொண்டிருந்தது.

சேலையை விலக்கினேன். விரலைச் சப்பிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பெரிய பூன," என்றாள். "கீழ போச்சு."

தூளிக்கு நேர் கீழே ஈர மண்ணில் என் உள்ளங்கை அகலத்துக்குக் கால்தடம். அவளை வாரி எடுத்ததுதான் தெரியும், அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரி மூச்சிரைக்க வந்தார். "ஒண்ணும் ஆகலையில்ல? அப்பறம் என்ன?"

"ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கரும்போட சேத்து லாரியில ஏத்தி அனுப்பியிருப்பீங்களா?"

அந்த ஆளின் சட்டையைப் பிடிக்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் உண்டு.

அடுத்த கரும்புக்காட்டில் இறங்கியபோது, வாய்க்கால் பக்கத்தைத் தொடாதீர்கள் என்று மேஸ்திரியே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். நான் தூளி கட்டவில்லை. வெட்டுவதை விட்டுவிட்டு, மகளை முதுகில் சுமந்துகொண்டு கரும்பைக் கட்டுக் கட்டினேன்.

"பூன வருமாம்மா?" என்று காதோரம் கேட்டாள்.

"அது போக வழி உட்டிருக்கறோம் சாமி. இங்க வராது."

ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அதை மறுபடியும் பார்க்க வேண்டுமாம்.