கடைசி நாளத்துக்கு ஒரு வலைச்சட்டை

போன மாசியில் பழுகாமத்தில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்கியபோது நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. அந்த வலி எனக்குப் பழக்கமானது. வியர்வையில் நனைந்து படலையைப் பிடித்தபடி நின்றேன். உயிர் போகிறதே என்பதைவிட, இதை நானே வரவழைத்தேன் என்பதுதான் என்னை நடுங்க வைத்தது.

அடியார்களே, என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்கு முந்திய வருடம் எனக்குப் பைபாஸ் செய்தார்கள். இடக்காலிலிருந்து இரத்த நாளத்தை எடுத்து இதயத்தில் பொருத்தினார்கள். சுகமானேன். அடுத்து வந்த ஆடி அமாவாசையில் விரதமிருந்து, அமிர்தகழிப் பிள்ளையார் கோயில் தீர்த்தத்தில் மூழ்கி எழுந்தேன். ஈரத் துணியோடு அந்தக் கரையிலேயே, "இனி எனக்குப் பிள்ளையார்தான் மருந்து" என்று பலர் கேட்கச் சொன்னேன். வைத்தியர் தந்த மருந்துக் குளிசைகளை நிறுத்தினேன். அதைப் பக்தி என்று நினைத்தேன். விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இதயத்தின் அறைகளைக் கரும்பலகையில் கீறிக் காட்டியவன். அன்று என் பேச்சைக் கேட்டு யாராவது மருந்தை விட்டிருந்தால், என்னை மன்னியுங்கள்.

கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். பொருத்திய நாளம் அடைபட்டிருந்தது. கட்டிலருகே என் மனைவி பாக்கியம் இருந்தாள்.

"பிள்ளையாரா உங்கட குளிசைய நிப்பாட்டச் சொன்னவர்?"

"இல்ல."

"அப்ப ஏன் அவரில பழிய போட்டீங்க?" என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

சத்திரசிகிச்சை செய்யவிருந்த வைத்தியர் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை.

"ஐயா, வலக்கால்ல ஒரு நாளம்தான் உதவும். கால் நாளம் மெல்லிசு. இதயத்துல அடிக்கிற இரத்தத்துக்கு வீங்கும், உள்ளுக்குத் தடிச்சு அடைபடப் பாக்கும். வெளியால மெல்லிய கம்பி வலையொண்ட சட்டை மாதிரிப் போட்டா, வீங்காமத் தாங்கும். எங்களிட்ட ஒண்டுதான் கிடக்கு. உங்கட நாளத்துக்கு அளவு பொருந்தவேணும்."

"பொருந்தாட்டி?"

"வலை இல்லாமத்தான் செய்வம். பொருந்தினாலும், மறுகா அடைபடாது எண்டு சத்தியம் பண்ணமாட்டன். குளிசை கட்டாயம் போடவேணும்."

சத்திரசிகிச்சை நாளன்று எனக்குக் கும்பிட மனம் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? பாக்கியம் என் நெற்றியில் திருநீறு பூசினாள். "பேரம் பேசாதீங்க. சின்னப் பிள்ளை கேக்கிற மாதிரிக் கேளுங்க" என்றாள்.

"அப்பனே, மருந்தைத் தள்ளியது என் ஆணவம். அந்தக் கடைசி நாளத்தைத் தாங்கிக்கொள்" என்று மட்டும் கேட்டேன். அழுதபடியே மயக்கத்துக்குள் போனேன்.

கண் விழித்தபோது அந்த வைத்தியர் முகமூடியை இறக்கிச் சிரித்தார்.

"அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரிப் பொருந்திச்சு, ஐயா."

கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த வலையைப் பின்னிய கையையும், அதைப் போட்டுவிட்ட கையையும் அனுப்பியவன் அந்தப் பிள்ளையாரப்பனே. இத்தனை கைகளால் என்னைத் தாங்குகிறவன் தந்த மருந்தைத்தான், வேண்டாம் என்று நான் தள்ளியிருந்தேன்.

இப்போது காலையில் பாக்கியம் திருநீற்றுத் தட்டிலேயே என் குளிசைகளையும் வைக்கிறாள். நீறு பூசுகிறேன், குளிசை போடுகிறேன். வெயில் தாழ்ந்ததும் இருவரும் வாவிக்கரையில் மெதுவாக நடக்கிறோம்.

வருகிற ஆடி அமாவாசைக்கு, அவன் அருளால், அதே தீர்த்தக்கரையில் நிற்பேன். நோயுற்றவர்களே, நம்பி வாருங்கள். அவன் தாங்குவான். ஆனால் குளிசையைப் போட்டுவிட்டு வாருங்கள். மறந்து வந்தால் கையோடு கொண்டுவாருங்கள். பாக்கியம் தண்ணீர்ப் போத்தலோடு என் பக்கத்தில் நிற்பாள்.