ஞானம் மாமா இறுக்கிய தக்கைகள்

போன மாதம் என் கூடப்பிறந்த றீற்றா அக்காவின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து என் வீட்டில் நின்றான். பெட்டியைத் திறந்து மூடி போட்ட ஒரு பிளாஸ்ரிக் வாளியையும், அதில் செருக ஒரு குழாயையும், இரண்டு மூன்று பக்கற் பார்லி மாவையும் எடுத்து வைத்தான். வீட்டிலேயே பியர் போடப் போகிறானாம். அடுத்த நாளே அது குசினி மூலையில் விக்கல் எடுக்கத் தொடங்கியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூடி பறந்து யாருடைய கண்ணிலாவது பட்டால்? வாளி வெடித்தால்? தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி நாலு தரம் போய்ப் பார்த்தேன். அவன் சிரிக்கிறான்.

"பயப்பிடாதேங்கோ மாமா. நீங்கள் உதுகளைக் காணாத ஆக்கள்தானே."

காணாத ஆக்களாம்! நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான், ஒத்துக்கொள்கிறேன். வானத்தில் பருந்து வட்டமிட்டாலும் குண்டு போட வந்த பொம்பரோ என்று அண்ணாந்து பார்க்கிறவன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புளிக்கிற பாத்திரத்துக்கு நான் பயப்படுவது காணாததால் இல்லை ஐயா, கண்டதால்.

அந்த வாளியில் இருந்து வந்த மணம் இருக்கிறதே, அப்பத்துக்குக் கரைத்த மாவும் கனிந்த பழமும் சேர்ந்த மாதிரி ஒன்று, அது எங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர் வீட்டு மணம். யேசு பாலன் பிறக்கிற ஒவ்வொரு நத்தாருக்கும் அம்மா முந்திரிகையில், அதுதான் திராட்சையில், வைன் போடுவா. பழத்தைக் கையால் பிசைந்து, சீனியும் கோதுமையும் கறுவாவும் சேர்த்துப் பெரிய சாடியில் இட்டு, அப்ப மாவுக்கு விடுகிற மாதிரியே ஒரு சிரட்டை பனங்கள்ளு விடுவா. வாயைத் துணியால் கட்டி, நாளும் அகப்பையால் கிண்டுவா. கிண்டும்போது யாரும் கதைக்கக் கூடாது. ஏனென்று கேட்டால், "நான் கணக்குப் பிழைச்சுப் போவன்" என்பா. என்ன கணக்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழம் தருகிறவர் அளவெட்டித் தோட்டக்காரர் கந்தையா அண்ணை. நெற்றி நிறைய விபூதி, மச்சம் மாமிசம் தொடாத மனுசன். கடற்தொழில் செய்கிற அப்பா கருவாடு கொடுத்தால் அவர் வாங்க மாட்டார் என்று அம்மா நத்தாருக்கு ஒரு போத்தல் வைன் கொடுப்பா. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிச் சைக்கிள் கூடைக்குள் வைக்கோல் சுற்றி வைப்பார். "மருந்துக்கு நல்லது" என்பார். ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அப்படி ஒவ்வொரு போத்தல் போகும்.

பிறகு சண்டை வந்தது, அதோடு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, சீனி பொன்னாகிப்போனது. நான் போத்தல் கழுவிக்கொண்டிருந்த சோடாக் கொம்பனியும் சீனி இல்லாமல் பூட்டுப்பட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்குக் கொழும்புத்துறையில் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை தங்கமான மனுசன். அவருடைய தாய்மாமன் ஞானம் மாமாதான் எல்லாவற்றுக்கும் வாய். கேக்குக்கு மா கிடைக்காது என்று அதை விட்டுக்கொடுத்தார். வைனை விடவில்லை.

"கலியாணத்திலை சபைக்கு வைன் குடுக்காட்டி, எங்கடை பெடியனை அநாதைக்குக் கட்டி வைச்சதெண்டெல்லோ சனம் கதைக்கும்?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி. கிடைத்த சீனி முழுக்கச் சாடிக்குள். போத்தல் நான் கொண்டுவந்தேன். தக்கைக்கு எங்கே போவது? அப்பாவுக்குக் கடலுக்குப் போகத் தடை. வலை சும்மா கிடந்தது. அதன் மிதப்புக்கட்டைகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சீவித் தக்கை செய்தார். தொழிலையே வெட்டிப் போத்தலுக்கு வைக்கிற மாதிரி இருந்தது.

குண்டுக்குப் பதுங்க வளவுக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் போத்தல்களை அடுக்கினோம். எங்கள் வளவில் அதைவிடக் குளிர்ந்த இடம் இல்லை. தக்கைகளை அம்மா சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிற மாதிரித்தான் வைத்தா. வைன் உள்ளே இன்னும் மூச்சு விடுகிறதாம்.

கலியாணத்துக்கு முதல் கிழமை ஞானம் மாமா பார்வையிட வந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. மாமா பங்கருக்குள் குனிந்து இறங்கி மணந்து பார்த்தார்.

"என்னடா தம்பி, சாராயத் தவறணை மாதிரி மணக்குது? தக்கை ஆடுது. காரமெல்லாம் போகப்போகுது. சுத்தியலைக் கொண்டா."

"அம்மா அப்பிடித்தான் வைக்கச் சொன்னவ மாமா. வெடிச்சுப்போம்."

"நீ ஒரு பயந்தாங்கொள்ளி. உனக்கு எல்லாம் வெடிக்கும்."

ஒன்று விடாமல் இறுக்கி அடித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனார்.

அம்மா வந்து கேட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு பங்கரை நோக்கி ஓடவும் பொம்பர் வரவும் சரியாக இருந்தது. நாங்களும் அக்கம்பக்கமும் உள்ளே விழுந்தோம். மடியில் குழந்தை, முதுகில் போத்தல். அம்மா செபமாலை தொடங்கினா. "அருள் நிறைந்த மரியே..." முதலாவது போத்தல் வெடித்தது. இரண்டாவது, மூன்றாவது. கண்ணாடி பறக்கிறது, வைன் தெறிக்கிறது, பிள்ளைகள் கத்துகின்றன. மேலே பொம்பர் சுற்ற, அவ்வளவு சனமும் பங்கரை விட்டு வெட்டை முற்றத்துக்கு ஓடினோம்! ஒரு குண்டு அந்த நேரம் விழுந்திருந்தால்? அது எங்கோ கரைப் பக்கம் விழுந்தது. மாதா காப்பாற்றினா.

போத்தல் ஒன்றும் மிஞ்சவில்லை. ஞானம் மாமா அடுத்த நாள் வந்து உடைந்த போத்தல் கழுத்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், "பழுதாப்போன வைன்தான் வெடிக்கும். பொம்பிளை வீட்டுக்காரருக்குப் பக்குவம் தெரியேல்லை." கேட்டீர்களா கதையை! வாய் திறக்கப் போன என் கையை அக்கா நுள்ளினா.

"நான் அங்கை போய் வாழவேணும். வாயைப் பொத்தடா."

கலியாணத்தன்று காலை, வைன் வெடித்த கதை கேள்விப்பட்டு, கந்தையா அண்ணை சைக்கிளில் வந்தார். முன்னும் பின்னும் கூடை. அதற்குள், எத்தனையோ நத்தாருக்கு அம்மா கொடுத்த போத்தல்கள். ஒன்றும் திறபடவில்லை.

"தங்கச்சி, குறை நினையாதை. நான் உது குடிக்கிறேல்லை. நீ ஆசையாத் தாறாய், வேண்டாமெண்ண வாய் வரேல்லை. மனுசி வீட்டுக்குள்ளை வைக்க விடாள், மாட்டுக் கொட்டில் வைக்கோலுக்கை தாட்டு வைச்சனான்."

அம்மா சிரித்தாவா அழுதாவா என்று தெரியாது. சபைக்கு விரற்கடை விரற்கடையாக ஊற்றினோம். ஞானம் மாமா ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்னார், "பாத்தியளே! நான் வந்து தக்கையை இறுக்கின இறுக்கிலைதான் உந்த ருசி!"

சபை கைதட்டியது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்திருந்தா.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வர, எல்லோரும் மூட்டையோடு தென்மராட்சிக்கு நடந்தோம். திரும்பி வந்தபோது சாடி இல்லை, வீட்டுக் கூரையும் இல்லை. அளவெட்டிக்குப் போய்ப் பார்த்தேன். முந்திரிகைப் பந்தலின் கல்தூண்கள் மட்டும் பற்றைக்குள் நின்றன. கந்தையா அண்ணையை விசாரிக்க அயலில் ஒரு வீட்டிலும் ஆளில்லை. எங்கள் ஒழுங்கைச் சனம் எந்தெந்த நாட்டில் இருக்கிறதோ. நத்தாருக்கு ஒருவர் வீட்டுப் போத்தல் இன்னொருவர் வீட்டுக்குப் போவதும் இல்லை. ஞானம் மாமா இடம்பெயர்ந்த இடத்திலேயே கண்ணை மூடினார். தூக்கிப் போகக்கூட ஒழுங்கான ஆளில்லையாம்.

போனில் அக்காவிடம் நான் இதைத் தொடங்கினால் அவவுக்குச் சலிப்பு.

"செத்த மனுசனோடை இன்னும் என்னடா கோவம்?"

"அவர் உயிரோடை இருக்கேக்கை கோவிக்க நீ விட்டனியே?" என்று கேட்டேன்.